அறுபத்தொரு டிகிரி

பழவேற்காட்டுப் பெண்ணுக்கு இரும்பு ஆலையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் வாயை என் சென்சார்தான் அடைத்தது. தொடாமலே சூட்டை அளக்கும் அகச்சிவப்பு சென்சார், நானே செய்தது. வெளிநாட்டுக் கருவியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் உலைக்குக் காற்றடிக்கும் ப்ளோயரின் பேரிங்குக்கு எதிரே அதைப் பொருத்தியிருந்தேன். சூடு எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும்.

அதற்கு முன்பெல்லாம் ஃபிட்டர் அன்புராஜ் பேரிங் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பான். "இனிமே கைய வெச்சா மெமோதான்" என்று நிறுத்திவிட்டேன். கருவி செய்த திமிர், வேறென்ன.

2006, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை அவன் வந்து நின்றான்.

"மேடம், ப்ளோயர் சத்தம் ஒரு மாதிரியா கீது."

சென்சாரின் மீட்டரைக் காட்டினேன். அறுபத்தொன்று. தினமும் காட்டுகிற அதே அறுபத்தொன்று.

"ஒரு தபா கைய வெச்சுப் பாக்கட்டா?"

"மீட்டர் பொய் சொல்லுதுன்றியா?"

மேனேஜர் சுப்பராயனும் என் பக்கம்தான். "உலை நெறைய இரும்பு கீதும்மா, நிறுத்தினா உறைஞ்சிடும். மீட்டர் சொல்லுதுல்ல, ஓட்டுங்க" என்று போய்விட்டார். அன்புராஜ் கிரீஸ் டப்பாவுடன் ப்ளோயரைச் சுழற்றும் பெல்ட்டை ஒட்டிக் குந்தினான்.

அரை மணி நேரத்தில் அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. கல்லை அரைக்கிற சத்தம். விளக்கு மட்டும் எரியவில்லை. சூடு பார்க்கும் கைக்கருவியை, அதுவும் அகச்சிவப்புதான், எடுத்துக்கொண்டு ஓடி, பெட்டிக்கு அருகில் பிடித்தேன். அறுபத்திரண்டு. ஓடி வந்த வேகத்தில் குறி விலகி, பூஜைக்குப் பெட்டியில் அப்பியிருந்த சந்தனத்தின் மேல் விழுந்தது.

நூற்றுப் பன்னிரண்டு.

நான்கு விரல் தள்ளிப் பார்த்தேன், அறுபத்திரண்டு. திரும்பவும் சந்தனம், நூற்றுப் பதினான்கு.

தலையில் இடி விழுந்தது. பூஜைக்காகப் பெட்டி முழுக்க சில்வர் பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான். என் சென்சார் பார்க்கிற இடம் பளபளவென்று இருக்கட்டும் என்று. பளபளப்பான பரப்பு அகச்சிவப்புக் கருவிக்குத் தன் சூட்டைக் குறைத்துத்தான் காட்டும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவளும் நான்தான். பளபளப்பில்லாத சந்தனம்தான் நிஜச் சூட்டைக் காட்டியது.

"அன்பு, எழுந்து வா! ஓடி வாடா!"

அவன் என் பக்கம் ஓடிவர, ப்ளோயரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கி அழுத்தினேன். ப்ளோயர் நிற்பதற்குள் பேரிங் உடைந்தது. தண்டு சாய்ந்தது. அறுந்த பெல்ட் அவன் குந்தியிருந்த இடத்தில் வந்து அறைந்தது. கிரீஸ் டப்பா நசுங்கிக் கிடந்தது.

சுப்பராயன் ஓடி வந்தார். "விளக்கு ஏன் எரியல?"

"புதுப் பெயிண்ட் சூட்டை மறைச்சிடுச்சு சார்."

"எவன் அடிச்சான் பெயிண்ட்டு?"

"நான்தான் சார்" என்றான் அன்புராஜ். என் பக்கம் திரும்பவே இல்லை. அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது.

"அடிக்கச் சொன்னது நான் சார்" என்றேன். "கைய வெச்சுப் பாக்கறேன்னான். வேணாம்னதும் நான்தான்."