மலையேற ஒரு காரணம்

"வெறும் வரைபடத்துக்காக ஒரு பொண்ணு உசிரைப் பணயம் வைப்பாளா? யாரும்மா நம்புவாங்க?" என்று பதிப்பாசிரியர் கேட்டதும் கதைக்காரிக்குச் சுருக்கென்றது.

நாவலின் நாயகி ஊர் ஊராக நடந்து நாட்டின் படத்தை வரைகிறவள். டிராகன் படுத்திருக்கும் சிகரம் ஒன்றுதான் பாக்கி. அதையும் பார்த்து வரைந்தே தீருவது என்று ஏறுகிறாள். இவ்வளவுதான் கதை. பதிப்பாசிரியருக்கு அது போதவில்லை. டிராகன் அவள் காதலனைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமாம், இவள் மீட்கப் போக வேண்டுமாம். மாற்றினால் அச்சுக்குப் போகும், இல்லாவிட்டால் இல்லை.

வருடக்கணக்கில் மாங்கு மாங்கென்று எழுதியது. தூக்கிப் போடவும் மனமில்லை, மாற்றவும் மனமில்லை. சரி, செய்துதான் பார்ப்போமே என்று வீட்டுக்கு வந்தாள்.

நடித்துப் பார்க்காமல் ஒரு காட்சியையும் அவள் எழுத மாட்டாள். வாய்த்த புருஷனும் சளைத்தவர் இல்லை. பூதம், மந்திரவாதி, கால் உடைந்த குதிரை வரைக்கும் நடித்த மகானுபாவர். அன்று காதலனாகித் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொண்டார். இவள் துடைப்பத்தை வாளாகப் பிடித்து மேசைமேல் ஏறினாள்.

"அன்பே, என்னைக் காப்பாத்து!"

இவளுக்குக் காலே நகரவில்லை. "என்னங்க, நீங்களே கதவைத் திறந்துட்டு வரக் கூடாதா?"

"வரலாம். உங்க பதிப்பக மேடம் விட மாட்டேங்கறாங்களே." அவர் தலையை வெளியே நீட்டினார். "ஒண்ணு கேக்கறேன். நீ எழுதறது எனக்காகவா?"

"நல்லா இருக்கே! உங்களைப் பாக்கறதுக்கு முன்னாடியே எழுதிட்டுத்தானே இருந்தேன்."

"அதனால என்மேல ஆசை இல்லைன்னு ஆயிடுமா?"

அந்த நிமிடம் அவர்மேல் கொள்ளை ஆசை வந்தது. இதை ஒரு கை பார்த்துவிடுவது என்ற வீம்பும் கூடவே வந்தது.

மறுநாள் பதிப்பகத்தில் போய் நின்றாள். "மேடம், இந்த நாற்காலிமேல ஏறுங்க. நீங்கதான் நாயகி, நான் டிராகன். நீங்க சொன்னபடியே கதை போனா வாயைத் திறக்காம மாத்தித் தர்றேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றபடியே அந்த அம்மாள் ஏறினார். கையில் அளவுகோல்.

"யாருடி நீ?" என்று டிராகன் உறுமியது.

"என் காதலனை விடு" என்றார் அவர், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல.

"அவ்வளவுதானே? அந்தா நிக்கறான், கூட்டிட்டுப் போ. ஆனா உச்சியில கால் வைக்கக் கூடாது. இறங்கு!"

அம்மாளுக்கு மூக்கு நுனி சிவந்தது. "இவ்வளவு தூரம் ஏறி வந்துட்டு, மேல என்ன இருக்குன்னு பாக்காம இறங்கறதா? போடி அந்தப் பக்கம்!"

அறை முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது. அம்மாள் தம் கையிலிருந்த அளவுகோலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்ல இறங்கி, நாவல் பிரதியின் ஓரத்தில் 'காதலனை மீட்கப் போகிறாள்' என்று தாம் எழுதியிருந்த குறிப்பை அடித்தார்.

"அப்போ காதலனே வேணாமா?" என்று கேட்டார், மனசு கேட்காமல்.

"யாரு வேணாம்னா? இருக்கட்டும் மேடம். அடிவாரத்துல சமைச்சு வெச்சுட்டுக் காத்திருக்கட்டும். இறங்கி வந்தா இவளுக்குப் பசிக்குமில்ல?"