மைனஸ் மூன்று

அழுக்குக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கண்ணாடிக்காரரால் முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு அது தொழிலோடு வந்த வியாதி. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணாடியில் விரல் ரேகை தெரிந்தால்கூட, "ஒரு நிமிஷம் கழட்டிக் கொடுங்க சார்" என்று வாங்கித் துடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்குமுன் சபையார் எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டை நடத்த வேண்டிய கண்ணாடிக்காரரின் கண் மட்டும் திறந்திருந்தது. கீபோர்டின் சின்னத் திரையில் யாரோ எண்ணெய் விரலை வைத்திருந்தார்கள். வாசிக்க உட்கார்ந்திருந்த மருமகளும் பக்தியாகக் கண்ணை மூடியிருந்தாள். சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்தார். திரைக்கு ஒரு தேய்ப்பு. பக்கத்துப் பொத்தான்களில் தூசி. அதற்கும் ஒரு தேய்ப்பு. பாஸ்டர் ஆமென் சொல்வதற்குள் கதை முடிந்துவிட்டது.

கண்ணாடிக்காரர் கதைதான்.

முதல் வரியிலேயே பாட்டு என்னவோ எட்டாத அலமாரியில் இருப்பதுபோல் பட்டது. எம்பிப் பிடித்தார். சரணத்தில் 'உன்னதத்தில்' என்று ஓர் இடம் வரும். பாட்டிலேயே அதுதான் உச்சி. 'உன்ன' வரைக்கும் போனார். 'தத்தில்' வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த சத்தத்தை ஏதாவது ஒரு பிராணியோடு ஒப்பிடலாம், பிராணி கோபித்துக்கொள்ளும். முன்வரிசையில் ஓர் அம்மா தன் மகளின் வாயைப் பொத்தினாள். அந்த அம்மாவின் வாயைப் பொத்த ஆளில்லை.

ஆராதனை முடிந்ததும் ஆறுதல் வரிசையில் வந்தது.

"மைக்கு சரியில்ல அங்கிள்" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

"ஃபேனுக்கு நேரா நின்னீங்க. நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் மனைவி.

"கர்த்தருக்கு இருதயம்தான் பிரதர் முக்கியம்" என்று பாஸ்டர் தோளில் தட்டினார். தட்டிய கையை எடுக்காமலே, "புதுக் கட்டடப் பிரதிஷ்டைக்கு முதல் பாட்டு இதுதானே? நீங்களே பாடறீங்களா, வாலிபர்கள்கிட்ட கொடுத்துடலாமா? சனிக்கிழமை சொன்னா போதும். உங்க இஷ்டம்தான்" என்றார்.

சபை ஒரு பழைய கார் ஷெட்டில் கூடிய காலத்திலிருந்து முதல் பாட்டு கண்ணாடிக்காரருடையது. அதை அவராகவே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்குத்தான் 'உங்க இஷ்டம்' என்று பெயர். அது அவருக்குப் புரியாமல் இல்லை.

இதில் அவரை அதிகம் குத்தியது வேறொன்று. சில மாதங்களாகக் குரல் தேறிவிட்டது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். போனில் பார்த்த பயிற்சிகளையெல்லாம் விடாமல் செய்தார். தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டுக் குமிழி விட்டார். லென்ஸ் தேய்க்கிற மெஷின் 'ம்ம்ம்' என்றால் கூடவே 'ம்ம்ம்' என்றார். வாடிக்கையாளர் கடைசி வரி எழுத்தைப் படிக்கத் திணறும்போது, பின்னால் நின்று உதட்டைப் படபடவென்று அடித்தார். அவர்கள் பயத்தில் சரியாகப் படித்துவிடுவார்கள். போன வருஷம் தடுக்கி விழுந்த 'உன்னதத்தில்' இந்த வருஷம் வழுக்கிக்கொண்டு வந்தது. ஸ்ட்ராவுக்கு ஸ்தோத்திரம் சொல்லாததுதான் பாக்கி.

அப்படிப்பட்ட குரல் ஒரே நாளில் எங்கே போனது?

சாப்பிடும்போது மனைவியிடம் கேட்டார்: "நேராச் சொல்லு. என் குரல் எப்படி?"

"கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கற கேள்வியா இது? சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."

மருமகள் தலை நிமிராமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். அவள் கண் சிவந்திருந்ததை, கண் பார்த்தே பிழைக்கிற மனிதர் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு முன்கூட்டியே போனார். பாஸ்டரிடம் 'வாலிபர்களே பாடட்டும்' என்று சொல்லிவிடுவதாக உத்தேசம். வழியெல்லாம் அதைச் சிரித்த முகத்தோடு சொல்லிப் பார்த்தார். சிரிப்பு வந்தது, வார்த்தை வரவில்லை.

ஹாலில் மருமகள் மட்டும் முதுகு காட்டி உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். அழுத்த அழுத்தத் திரையில் எண் இறங்கி, மைனஸ் மூன்றில் நின்றது.

"மைனஸ் மூணா? யாருக்கும்மா?" என்றார், பழக்க தோஷத்தில்.

அவள் தூக்கிவாரிப்போடத் திரும்பினாள். "ஒண்ணுமில்ல மாமா."

"மைனஸ் மூணு ஒண்ணுமில்லையா? கண்ணாடி இல்லாட்டி அவங்களுக்கு பஸ் நம்பரே தெரியாதும்மா."

அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "ஸ்கேல் குறைக்கிறது மாமா. நான் அழுத்துற கட்டை மாறாது. சுருதி மட்டும் மூணு படி இறங்கி வரும். உங்களுக்குத்தான்."

"எப்போலேர்ந்து?"

"நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து. முதல்ல ஒண்ணு குறைச்சேன். அப்புறம் ரெண்டு."

கண்ணாடிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்போ ஸ்ட்ரா?"

"அது மூச்சுக்கு ரொம்ப நல்லது மாமா" என்றாள் அவசரமாக. பிறகு குரல் உடைந்தது. "போன வாரம் என்னாலதான் மாமா. எப்படியோ அது ஜீரோவுக்குப் போயிருந்துச்சு. முதல் வரியிலயே தெரிஞ்சுது. பாதிப் பாட்டுல மாத்தினா இன்னும் அசிங்கமாயிடும்னு விட்டுட்டேன். உங்க மானமே போச்சு."

அவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துணியை எடுத்து, கீபோர்டின் மேல் வைத்தார்.

அவள் துணியைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். "மாமா! நீங்களா?"

"அழுக்கா இருந்துதும்மா."

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியாமல், ஒரு வாரத்து அழுகையையும் சேர்த்துச் சிரித்துத் தீர்த்தாள். அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"கடைக்கு வர்றவங்ககிட்ட 'உங்க இருதயம் நல்லாருக்கு, போயிட்டு வாங்க'ன்னு நான் அனுப்பறதில்லம்மா. பார்வை எவ்வளவோ, அதைச் சொல்லிடறேன். எனக்குச் சொல்லத்தான் ஒரு ஆள் இல்ல. நீ மருமகளா சொல்ல வேண்டாம், வாசிக்கிறவளா சொல்லு. நான் பாடணுமா, விடணுமா?"

அவள் கட்டைகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த உசரத்துல உங்களுக்குக் குரல் இல்ல மாமா. எத்தனை ஸ்ட்ரா வெச்சாலும் வராது. நீங்க அங்க ஏறும்போது சபையில ஒருத்தரும் பாடறதில்ல. பத்திரமா இறங்கணுமேன்னு உங்களுக்காக ஜெபம் பண்றாங்க. ஆனா கீழ பாடும்போது உங்க குரல் கனமா, நல்லாருக்கு. பின்வரிசையில வாயே திறக்காத ஆம்பளைங்கல்லாம் கூடச் சேர்ந்து பாடறாங்க. இங்க உட்கார்ந்திருக்கிற எனக்குக் கேக்குது. அதனால நீங்கதான் பாடணும். ஆனா இனிமே உங்களுக்குத் தெரியாம குறைக்க மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன், மாமா. மைனஸ் மூணு பத்தாது. உங்களுக்கு மைனஸ் நாலு."