டிரைவர் பக்கத்துக் கதவு

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெயிண்ட் கடையில் கிடைத்தது. வீட்டு கேட்டுக்குப் பச்சை வாங்கலாம் என்று இராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். நிறம் கலக்கும் மெஷினுக்கு மேல் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத ஒரு பொம்மைச் சிப்பாய் நின்றிருந்தான். முழங்காலில் சேறு. தோளில் வெயில் வெளுத்த தடம். கையை நீட்டினேன். மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த பெண், "தொட்டுறாதீங்க சார், இன்னும் காயல" என்றாள்.

அதற்குப் பிறகு அவளிடம் நிறையக் கேட்டேன். அவள் சொன்னது கொஞ்சம், நான் சேர்த்தது அதிகம். முதலில் எழுதிய தொடக்கம் இது:

"களைத்துப்போன வீரர்கள் அந்தி வெளிச்சத்தில் வரிசையாக —"

நிஜப் போர் என்று நினைத்து நீங்கள் உள்ளே வருவீர்கள், பொம்மை என்று தெரிந்ததும் வியப்பீர்கள் என்பது என் திட்டம். மலிவான தந்திரம். அடித்துவிட்டேன். பொம்மை என்றே தொடங்குகிறேன்.

2

ஜெயப்பிரியாவுக்கு முப்பத்தொரு வயது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் ஊர். காலையில் மிளகாய்க் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பஸ் பிடித்துக் கடைக்கு வந்துவிடுவாள். ஊர்க்காரர்களின் சுவருக்கெல்லாம் நிறம் கலந்துகொடுக்கிறவள், தனக்கென்று கலப்பது இந்தச் சிப்பாய்களுக்குத்தான்.

மேசைமேல் மணல்மேடும் அட்டை வீடுகளும் அமைத்து, பகடை உருட்டி, சின்னச் சின்னப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு ஒன்று உண்டு. மதுரையில் சுரேஷ் என்பவர் அதற்கு ஒரு குழு நடத்துகிறார். இந்த வருஷப் போட்டிக்கு அவர் வைத்த விதி: படை புதிதாகப் பளபளக்கக் கூடாது; வெயில், மழை, சேறு எல்லாம் பட்டுப் பழசானதுபோல் இருக்க வேண்டும். ஜெயப்பிரியாவின் படையில் இருபது சிப்பாய்கள், உள்ளங்கை நீளத்தில் ஒரு லாரி.

பூசுவதற்கு முன் நோட்டில் திட்டம் எழுதிக்கொள்வாள். "துருவுக்கு: தொண்டிக் கரையில் கிடக்கிற நங்கூரம். வெளுத்த பச்சைக்கு: நெல் மூடுகிற பழைய தார்ப்பாய். தூசிக்கு: சாயல்குடி ரோடு, சித்திரை மாசம்." ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துவைத்திருந்தாள். (அந்த நோட்டை நான் பார்த்தேன். இந்தக் கதையைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது.)

3

இனி அண்ணன். சோணைமுத்து. ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று வந்து நாலு மாதம் ஆகிறது.

ராணுவம் என்று எழுதியவுடனே என் கை அவனுக்கு ஒரு குண்டுக்காயத்தைக் கொடுத்துவிட்டது. "இடது காலைச் சற்றே இழுத்தபடி —" என்று ஒரு வரி. தீபாவளி வெடிக்கு நடுங்குகிறான் என்று இன்னொரு வரி. இரண்டையும் எடுத்துவிட்டேன். சோணைமுத்து லாரி டிரைவர். மலைமேல் இருக்கும் முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் உருளைக்கிழங்கும் ஏற்றிப்போனவன். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. முதுகுவலி மட்டும் உண்டு.

அவனும் தங்கையும் பேசி இரண்டு வருஷம் ஆயிற்று. அவர்களுடைய அப்பா தர்மராஜ் ஒரு தை மாதம், கதிரறுப்பு நேரத்தில் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த மூன்று நாளும் ஜெயப்பிரியா அண்ணன் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். சுவிட்ச் ஆஃப். கடைசியில் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். சோணைமுத்து பதினோராம் நாள் வந்தான்; மொட்டை போட்டான்; நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப்போனான். "லீவு கேட்டா குடுக்காமயா இருப்பாக? அவனுக்கு வர மனசில்ல" என்று துக்கத்துக்கு வந்த யாரோ சொன்னது ஜெயப்பிரியாவின் காதில் விழுந்தது.

(அவள் காதில் விழாததுபோல் ஒரு முறை எழுதிப் பார்த்தேன். அண்ணனும் தங்கையும் சந்தோஷமாக இருந்தார்கள். கதை நகரவில்லை.)

அன்றிலிருந்து இருவருக்கும் நடுவில் அம்மா இராமலட்சுமிதான் பேச்சைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். இப்போது அவன் ஊரோடு வந்துவிட்டதால், ஒரே வீட்டுக்குள்ளேயே அந்த வேலை அவளுக்கு.

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். லாரிக்கு முதலில் துரு நிறம் அடித்து, அதை ஈரமாக்கிக் கல்லுப்பைத் தூவி, காய்ந்தபின் மேலே பச்சை அடித்துவைத்திருந்தாள் ஜெயப்பிரியா. பழைய பல் பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து உதிர்த்தாள். உப்பு ஒட்டியிருந்த இடத்தில் எல்லாம் பெயிண்ட் உரிந்து துரு தெரிவதுபோல் வந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஃபேன் காற்றுக்காக வந்து உட்கார்ந்திருந்த சோணைமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, இந்த வண்டி எந்த ஊருல ஓடுதுன்னு கேளு."

அடுப்படியிலிருந்து இராமலட்சுமி, "நீயே கேளேன்டா, நான் என்ன தபால்காரியா?" என்றாள்.

ஜெயப்பிரியா நிமிரவில்லை. "மலையில" என்றாள்.

"மலையிலயா? இது நம்ம கடக்கரை வண்டியாட்டம்ல இருக்கு. தொண்டியில ஐஸ் ஏத்துற வண்டி இப்பிடித்தான் மேலெல்லாம் துருவேறிக் கெடக்கும். உப்புக் காத்து. மலையில ஏது உப்பு? அங்கன அடிபடுற எடமே வேற."

"எங்கன படும்?"

(இரண்டு வருஷத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. இதை எப்படி அழுத்திச் சொல்வது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். சும்மா விட்டுவிட்டேன்.)

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஈர்க்குச்சியால் தொட்டுக் காட்டினான். "டிரைவர் பக்கத்துக் கதவப் பாரு. ஒரு நாளைக்கு நாப்பது தடவ தொறந்து மூடுவோம். கைப்பிடிக்குக் கீழ நகம் பட்டுப் பட்டுப் பெயிண்டே இருக்காது. அந்தப் பக்கக் கதவு புதுசாட்டம் இருக்கும். பனிக்குச் சக்கரத்துல சங்கிலி கட்டுவோம். அது மட்கார்டுல அடிச்சு அடிச்சுத் தழும்பா இருக்கும். கண்ணாடியில வைப்பர் போற எடம் மட்டும் சுத்தம். பாக்கி பூராம் சகதி."

"சகதி என்ன நெறம்?"

"சாம்பல்."

"அடுப்புச் சாம்பலா, சிமிண்டா?"

"சிமிண்டு. இல்ல, இன்னுங் கொஞ்சம் நீலம் போடு."

டப்பா மூடியில் கலந்து காட்டினாள். அவன் அதை உற்றுப் பார்த்தான். "ஆமா, இதான்" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"எம்புட்டு ஒசரத்துக்கு அடிக்க?"

"எப்பவும் பாதிச் சக்கரம். ஒருக்கா கைப்பிடி வரைக்கும் ஏறிருச்சு. மலை சரிஞ்சு முன்னால ரோடு போச்சு. பின்னாலயும் போச்சு. நடுவுல நாங்க ஆறு வண்டி. ஏழு நாளு. லோடுல இருந்த உருளைக்கெழங்க அவிச்சுத் தின்னோம்."

"எப்ப?"

"தையில" என்றான் சோணைமுத்து.

அப்போது அவன் கண்களில் —

(இல்லை. அவன் லாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.)

"கீழ எறங்குனதும் டவர் கெடச்சுச்சு. போன் பூராம் உன் நம்பருதான். திருப்பி அடிச்சா சித்தப்பா எடுக்காரு. 'முடிஞ்சு நாலு நாளாச்சுப்பா'ங்கிறாரு. அங்கயிருந்து வந்து சேர ஒரு வாரம்."

"ஏண்ணே இத அப்பவே சொல்லல?"

"நீ கேக்கல. கொள்ளி வைக்காதவன் என்னத்தச் சொன்னாலும் சாக்குச் சொல்ற மாதிரித்தான இருக்கும், பிரியா?"

ஜெயப்பிரியா தூரிகையை அந்தச் சாம்பல் நிறத்தில் தோய்த்து அவனிடம் நீட்டினாள்.

"நீயே அடி. எதுவரைக்கும் ஏறுச்சோ அதுவரைக்கும்."

ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கைக்கு அந்தத் தூரிகை துரும்பு மாதிரி இருந்தது. மெதுவாக இழுத்தான். கதவைத் தாண்டிக் கண்ணாடியிலும் ஒரு தீற்று விழுந்தது.

"கெடுத்துட்டேன்."

"கெடல. கண்ணாடியிலயும் சகதின்னு நீதான சொன்ன? இன்னொரு கை அடிண்ணே."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கேட்டது.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: லாரிக்குப் பரிசு கிடைக்கிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். எழுதிய எனக்கே அந்தச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு: இராமலட்சுமி வாசலில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். அவள் அப்படி நிற்கிற ஆள் இல்லை. "எல்லாத்தையும் ஒதுக்குங்க, எல போடணும்" என்றுதான் சொல்லியிருப்பாள். மூன்றாவதைப் பாதியில் விட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது இதுதான். அடுத்த ஞாயிறு இருவரும் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனார்கள். மண்டப வாசலில் சுரேஷ் ஒரு படிவம் கொடுத்தார். அதில் 'வண்ணம் பூசியவர் பெயர்' என்ற இடத்துக்கு எதிரில் ஒரே ஒரு பெயருக்குத்தான் கோடு போட்டிருந்தது. அண்ணன் டீ வாங்கிவரப் போயிருந்தான். அவன் திரும்பி வருவதற்குள் ஜெயப்பிரியா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

என்ன எழுதினாள் என்று கடையில் வைத்து என்னிடம் சொன்னாள். அதை நான் எழுதப்போவதில்லை. பேனாவை உங்களிடம் தருகிறேன். கோடு சின்னதுதான். நெருக்கி எழுதினால் இடம் இருக்கிறது.