பச்சைத் தண்ணீர்

கக்கூஸ் கதவைத் திறந்த கல்பனா, மக்கில் மொண்ட தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளைப் பீங்கானில் யாரோ கெட்டி டிகாஷனைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருந்தது. அவளுக்கு முன்னால் உள்ளே போய் வந்தவன் தம்பி ஹரிபாபுதான். வேறு யாரும் இல்லை.

வெளியே மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. பந்தலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அண்ணன் பவன்குமார் கிடந்தான். கம்பெனியில் நைட் ஷிஃப்ட் முடித்து, வீட்டுக்குக்கூட வராமல், நேரே வரதய்யபாளையம் கிரவுண்டுக்குப் போகிறவன். கான்ஸ்டபிள் செலக்‌ஷனுக்கு என்று ஆரம்பித்த ஓட்டம். பிறகு செலக்‌ஷன் சாக்காகி, ஓட்டமே எல்லாமாகிவிட்டது. ஓடாத நாளில் வீட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுவான். கால் துருப்பிடிக்கிறது என்பான். காய்ச்சலிலும் ஓடினான்.

போன வாரம் புரட்டாசி சனிக்கிழமை விரதம். சாயந்திரம் பூஜை முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டான். அந்த வயிற்றோடு திருமலைக்குப் போகும் அலிபிரிப் படியில் ஓடி ஏறி, இறங்கி, ஆசை அடங்காமல் மறுபடியும் ஏறினான். வீட்டுக்கு வந்ததும் இதே நிறத்தில்தான் மூத்திரம் போனான். அம்மா செல்லியம்மா சூடு என்றாள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். வந்து பார்த்தவர்களும் சூடு என்றார்கள். திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கிட்னி இரண்டும் கைவிட்டிருந்தன. அளவு மீறிய ஓட்டத்தில் சதை உடைந்து ரத்தத்தில் கலந்து கிட்னியை அடைத்துவிட்டது, நிறம் மாறிய அன்றே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா தெலுங்கில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நைனா முனிகிருஷ்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஊருக்கு வந்ததும், சாமி கூப்பிட்டுக்கொண்டார் என்று சொல்ல ஆரம்பித்தார். கல்பனாவுக்குப் பற்றி எரிந்தது. சாமிக்கு வேறு வேலை இல்லையா?

நேற்று மத்தியானம் சாவுச் செய்தி வந்ததும் ஹரிபாபு யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் கிரவுண்டுக்குப் போனான். இருட்டும்வரை ஓடியிருக்கிறான். விழுந்து கிடந்தவனை, கூட ஓடுகிற பையன்கள் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பிறகு அவன் எதுவும் தின்னவில்லை, குடிக்கவில்லை.

கல்பனா மக்கைக் கீழே வைத்தாள். தண்ணீர் ஊற்றவில்லை.

குழாயடியில் ஹரிபாபுவின் தலையில் தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். தொடை இரண்டும் வாழைத்தண்டாக வீங்கி, முட்டியை மடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் வாயருகே நீட்டினாள். பெரியப்பா வேங்கடாசலம் நடுவில் புகுந்து சொம்பைப் பிடுங்கினார்.

"கொள்ளிச்சட்டி தூக்கறவன், பொணத்த எடுக்கற வரைக்கும் பச்சத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு தெரியாது? உங்க காலேஜில இத சொல்லித் தரலயா?"

"தண்ணி குடிக்காம ஓடித்தான் ஒருத்தன் பொட்டில கெடக்கறான், பெரிப்பா."

"சாமி படிய மிதிச்சிட்டுப் போன உசுரு. குடுத்து வச்சவன். நீ இன்னாத்துக்குக் கெட்ட பேச்சு பேசிக்கினு இருக்கற?"

ஹரிபாபுவின் காதோடு, எப்போதிலிருந்து இந்த நிறம் என்று கேட்டாள். அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கம்முனு போக்கா. அண்ணனுக்கு நான்தான் நடக்கணும்."

சுடுகாடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். நடந்துவிடுவான். வலியைப் பல்லில் கடித்துக்கொண்டு நடப்பதுதானே இரண்டு பேரும் பழகியது? அதற்குமேல் அவனோடு பேசிப் பயனில்லை.

அவள் நேராகப் பந்தலுக்குப் போனாள். பெட்டி ஓரம் உட்கார்ந்திருந்த நைனாவின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பெண்பிள்ளைக்குப் படிப்பு தலைக்கேறிவிட்டது என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது. அவர் இழுத்த இழுப்புக்கு வந்தார். அவள் கக்கூஸ் கதவைத் தள்ளினாள்.

"பாரு நைனா. ஹரி போனது."

அவர் பார்த்தார். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மக்கை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். இன்னொரு மக்கும் ஊற்றினார். கதவைச் சாத்தினார்.

போய்த் தன் அண்ணன் வேங்கடாசலத்தின் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டார். ஹரிபாபு வாயை இறுக மூடிக்கொண்டான். நைனா அவன் பிடரியைப் பிடித்து, கன்றுக்கு மருந்து புகட்டுவதுபோல் முகத்தை நிமிர்த்தினார்.

"குடி."

பாதி வேட்டியில் வழிந்தது. மீதியைக் குடித்தான். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"அப்ப சட்டிய யாரு தூக்கறது?" என்றார் வேங்கடாசலம்.

"நான் தூக்கறேன்."

"பெத்தவன் தூக்கற வழக்கம் நம்மள்ல இல்லடா."

"தூக்கறேன்னு சொன்னேன் இல்ல."

அம்மா பெட்டியின்மேல் கவிழ்ந்தவள் நிமிரவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏற்றும்போது ஹரிபாபு அக்காவைக் கையில் கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

சத்தியவேட்டில் சோதித்துப் பார்த்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் திருப்பதிக்கே அனுப்பிவிட்டார்கள். இரண்டு கையிலும் குளுக்கோஸ் இறங்கியது. கிட்னி பிழைக்குமா என்று நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்கள்.

சாயந்திரம் நைனா போன் செய்தார்.

"முடிஞ்சிச்சி" என்றார்.

"உம்" என்றாள் கல்பனா.

இருவரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஏரியில் முங்கி எழும் சத்தம் கேட்டது.

ஹரிபாபு தூங்கிவிட்டிருந்தான். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதங்கள் மட்டும் மாறி மாறி உதைத்தன. இடது. வலது. இடது. அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கணுக்காலையும் கையால் அழுத்திப் பிடித்தாள்.