எழுபத்திரண்டு கிலோ

ஆட்கள் பெட்டியை எடை மேடையில் இறக்கி வைத்ததும், எடைக்காரர் முள்ளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான், "பாருங்க தம்பி, உங்க வேலைதானே" என்றாள்.

மூன்று நாளுக்கு முன்பு அவள் கணவர் ஓட்டிப்போன சின்னச் சரக்கு விமானம் மலையில் மோதிவிட்டது. இன்று அதே கம்பெனியின் இன்னொரு விமானத்தில் அந்தப் பெட்டியில் அவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோகிறாள். எதையும் எடை போட்டுத்தான் விமானத்தில் ஏற்ற வேண்டும் என்பது சரக்குக் கிடங்கின் சட்டம். விமானிக்கு மட்டும் விலக்கு. தன் எடையை அவரே வாயால் சொல்லலாம்.

இருபது வருஷமாக அவர் சொன்னது எழுபத்திரண்டு. அது கல்யாணத்தன்று இருந்த எடை. அதற்குப் பிறகு, "இன்னும் கொஞ்சம் போடு" என்று தினமும் தட்டை நீட்டுவார், அவளும் போடுவாள். சட்டைப் பொத்தானை அவளே இரண்டு முறை தள்ளித் தைத்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்டால், "வானத்துல யாரு பாக்கப்போறா?" என்பார். இருவரும் சிரிப்பார்கள். நன்றாகத்தான் வாழ்ந்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் மூன்று நாளாக அவளைக் குத்திக்கொண்டிருந்தது. பாரம் கூடினால் விமானம் மேலே ஏறாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பொய்தான் விமானத்தைக் கீழே இழுத்துவிட்டதோ? தட்டில் போட்டவள் அவள்தானே? எடைக்காரரிடம் கேட்டேவிட்டாள்.

"அவர் சொன்னத நான் ஒரு நாளும் நம்பினதில்ல அண்ணி," என்றார் அவர். "எழுபத்திரண்டுன்னு எழுதிக்குவேன். அவர் அந்தப் பக்கம் திரும்பினதும் ஒம்பது கிலோவுக்கு ஒரு மூட்டைய இறக்கி வெச்சிடுவேன். அன்னிக்கும் இறக்கினேன். பாரமில்ல அண்ணி. மேகம். மலை தெரியல."

மூன்று நாளில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. கூடவே அழுகையும் சிரிப்பும் வந்தன. இது அவருக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரிந்திருந்தால் சண்டைக்கு வந்திருப்பார் என்றார் எடைக்காரர்.

படிவத்தில் ஆளின் எடைக்கு ஒரு கட்டம், பெட்டியின் எடைக்கு ஒரு கட்டம். பேனா முதல் கட்டத்திலேயே நின்றது.

"எழுபத்திரண்டுன்னே போடுங்க," என்றாள்.

எழுதினார். பிறகு விமானத்தருகே போய், ஏற்றியிருந்த வெங்காய மூட்டைகளில் சின்னதாக ஒன்றைத் தூக்கிவந்து, கிடங்குச் சுவரோரம் இறக்கி வைத்தார்.