கழுவிய மண்

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வேலையை விட்டாலும் வேலை அவளை விடவில்லை. கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். கிளம்பும் விருந்தாளி வாசல் தாண்டும் முன்பே அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். யார்தான் மறுபடி வருவார்கள்? கணவர் இறந்த பிறகு வீட்டில் நாற்காலிகள் மட்டும் மிச்சம்.

ஜன்னலை ஒட்டி ஓர் அத்தி மரமும் இருந்தது. கணவர் வைத்தது. மனிதர் இருந்தவரை மரத்தடி ஒரு குப்பைமேடு. டீத்தூள், பழத்தோல், உதிர்ந்த சருகு, எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

"ஈ மொய்க்குது பாருங்க. கிருமி வந்து சேரும்."

"கிருமிக்கும் ஒரு வீடு வேணாமாடி?" என்பார்.

இந்தச் சண்டை இல்லாமல் அவர்களுக்கு ஒரு காலைகூட விடிந்ததில்லை.

அவர் போனதும் மரத்தின் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு சருகு விடாமல் பெருக்கிக் கூடையில் அள்ளிக் கொல்லைப்பக்கம் கொட்டினாள். மண்ணை மட்டம் தட்டி இறுக்கினாள். வாரம் தவறாமல் பினாயில் கலந்த தண்ணீர் விட்டுக் கழுவினாள். பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டாள். பிறகு நாற்காலி போட்டு உட்கார்ந்து, முழங்கால் வலி முதல் காய்கறி விலை வரை மரத்திடம் சொல்லிவிட்டு எழுந்திருப்பாள். அவள் பேசுவதைக் கேட்க வேறு யாரும் இல்லை.

மரம் வருஷத்துக்கு வருஷம் இளைத்தது. இந்தத் தடவை தெருவிலுள்ள மரமெல்லாம் தளிர்த்து முடித்தும் இது மொட்டையாகவே நின்றது.

குடியிருப்போர் சங்கச் செகரட்டரி வந்து அண்ணாந்து பார்த்தார். "பட்டுப்போச்சு சிஸ்டர். கார் மேல விழுந்தா யார் பதில் சொல்றது? ஞாயித்துக்கிழமை ஆளு வர்றான், வெட்டிரலாம்."

"தண்ணி ஊத்தறேன். கண்ணாடி மாதிரி வெச்சிருக்கேன். இதுக்கு என்ன வந்துச்சு?"

"வயசு உங்களுக்கும் எனக்கும் மட்டுமா ஆகுது?" என்று அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தாள்.

"ஒரு மரத்துக்காகவாம்மா இப்படி? தொட்டிச் செடி ஒண்ணு வாங்கி வெச்சுக்கோயேன்."

"தொட்டிச் செடிகிட்ட என்னத்தைடா பேசறது?"

"என்னம்மா, கேக்கல."

"ஒண்ணுமில்ல. உனக்கு வேலை இருக்கும், வை."

போனை வைத்துவிட்டு, மனசு கேட்காமல் ஒரு குடம் தண்ணீரை மரத்தடியில் விட்டாள். தண்ணீர் இறங்கவில்லை. சிமெண்ட் தரையில் ஓடுவதுபோல் ஓடிச் சாக்கடையில் விழுந்தது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கரண்டியால் சுரண்டினாள். செதில் செதிலாக வந்தது. சாம்பல் நிறம். ஓர் எறும்பு இல்லை. எடுத்து முகர்ந்தாள். மண்ணில் மண் வாசனையே இல்லை, ஆபரேஷன் தியேட்டர் வாசனைதான் இருந்தது. அந்த வாசனை அடிக்கும் இடத்தில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக்கூடாது என்பதுதான் அத்தனை வருஷம் அவள் பார்த்த உத்தியோகம்.

எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். அவள் கொட்டிய சருகு அங்கே மேடாகிக் கிடந்தது. மேலே காய்ந்ததைக் காலால் தள்ளினாள். அடியில் கறுப்பாக, பொலபொலவென்று, இளஞ்சூட்டோடு மண். மண்புழுக்கள் நெளிந்தன. நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை ஓடியிருந்தது. சாப்பிட உட்கார்ந்தவன் முன்னாலிருந்து தட்டைப் பறித்துக் கழுவி வைப்பதுபோல், மரத்தின் சாப்பாட்டைத் தினமும் பறித்தவள் தான்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

மரத்தடி மண்ணைக் கடப்பாரையால் வேர் படாமல் நெகிழ்த்தினாள். கையுறை மாட்டிக்கொண்டு கறுப்பு மண்ணை அள்ளினாள். புழு இருப்பது கைக்குத் தெரியவில்லை. கழற்றி எறிந்தாள்.

மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "என்ன சிஸ்டர், குப்பையைத் திருப்பிக் கொண்டாறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு நல்லாத்தான் இருக்கு. இதுக்குத்தான் சரியில்ல."

ஞாயிற்றுக்கிழமை செகரட்டரியோடு மரவெட்டி வந்தான். அவள் மரத்தை மறித்து நின்றாள். "கத்தியால கீறிப் பாரு மொதல்ல."

கீறினான். காய்ந்த பட்டை. இன்னொரு கிளை, அதுவும் அப்படியே. கீழே சுவரோரக் கிளையில் மட்டும் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தது.

"இதுல உசிரு இருக்கு சார்" என்றான் மரவெட்டி.

"ஒத்தைக் கிளையை வெச்சு என்ன பண்றது?" என்றார் செகரட்டரி.

"அழுகின விரலைத்தான் எடுப்பாங்க, ஆளையா எடுப்பாங்க? செத்ததை வெட்டுங்க. இதை விட்டுருங்க" என்றாள் அவள்.

செகரட்டரி தலையைச் சொறிந்தார். "மழை வரைக்கும் பாப்போம். தளிர் வரலைன்னா அப்புறம் என்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது, ஆமா."

பெரிய கிளைகள் எல்லாம் போயின. ஜன்னல் வழியே வெயில் கட்டில்வரை வந்தது. விழுகிற சருகை விழுந்த இடத்திலேயே விட்டாள்.

மழை வந்தது. தண்ணீர் ஓடவில்லை, நின்ற இடத்திலேயே உள்ளே இறங்கியது. அந்த மழையில்தான் தளிர் கண்ணில் பட்டது. குடையோடு வந்த செகரட்டரி குனிந்து பார்த்து, "சரி, இருந்துட்டுப் போகட்டும் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

மகனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. ஜன்னலோரம் போய் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்குச் சின்னத் தளிர். எங்கே என்று தெரிந்தவளுக்கு மட்டும் அது தெரிந்தது.