நாரை போட்ட வெள்ளைக் கோடு

பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போய்விட்ட வருஷம் அது. பஸ்கள் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு, அந்தப் புகையிலேயே ஓடின. குன்னத்திலிருந்து அரியலூருக்கு அப்படியொரு பஸ் விட சாமிதுரை தயாராக இருந்தார். கரிக்கு மரம் வேண்டும். மரமோ ஏரிக்குள் நின்றது.

அந்த பஸ்ஸுக்காக ஊரிலேயே அதிகம் ஏங்கியவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பிலவேந்திரன். மனைவி பாத்திமா மேரி அரியலூருக்கு அப்பால் வரதராசன்பேட்டையில் டீச்சர். மாதம் ஒருமுறை மாட்டுவண்டியில் போய் இறங்கினால், ஒரு வயது மகள் அவரைத் தபால்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஆனாலும் ஐப்பசியில் ஏரியைப் பார்வையிட்டபோது அவர் நேர்மையாகவே நடந்துகொண்டார். நாரைகள் கூடு கட்டத் தொடங்கிய கருவேல மரங்களை விட்டுவிட்டு, காலியாக நின்ற முப்பத்தொரு மரங்களில் மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டார். 'வெள்ளைக் குறியுள்ள மரங்களை வெட்டலாம்' என்று பெரம்பலூர் தாசில்தாரின் உத்தரவு வந்து சேர்வதற்குள் மார்கழி பிறந்துவிட்டது.

சாமிதுரை கோடாலிக்காரர்களோடு கரையில் நின்று சிரித்தார்.

"முப்பத்தொண்ணுன்னீங்களே சார், எண்ணிப் பாருங்க, தொண்ணூறு இருக்கு! தெனம் ஒரு நடை விடலாம்."

பிலவேந்திரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் போட்ட சுண்ணாம்பை அடைமழை கழுவிக்கொண்டு போயிருந்தது. கூடு கட்டிய மரங்களையோ நாரைகள் எச்சமிட்டு வெள்ளையடித்திருந்தன. உத்தரவுப்படி, வெட்டக் கூடாத மரங்கள்தான் இப்போது வெட்ட வேண்டிய மரங்கள்!

தினம் ஒரு நடை. மகள் கை நீட்டி ஓடிவருவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. பேசாமல் இருந்தால் போதும்; மற்றதைக் காகிதம் பார்த்துக்கொள்ளும்.

மதகுக்குக் கீழே வயலில் களை பறித்துக்கொண்டிருந்த கலியம்மாள் நிமிர்ந்தாள்.

"ஏன் சார், அது நீங்க போட்ட கோடா, நாரை போட்ட கோடா? அந்த எச்சம் கரைஞ்ச தண்ணியிலதான் எங்க நெல்லு வெளையுது. பஸ்ஸு வரட்டும், வேணாங்கல. ஏத்துறதுக்கு நெல்லு வேணாமா?"

"நான் வெங்காயம் ஏத்திக்கிறேன், நீ களையப் பறி" என்றார் சாமிதுரை.

பிலவேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினார். ஒரு மரத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"இது சர்க்கார் சுண்ணாம்பு இல்லீங்க."

"வெள்ளைக் குறின்னுதானே உத்தரவு? யாரு போட்டதுன்னு எழுதலியே!"

"என் கணக்கு முப்பத்தொண்ணு. அதுக்கு மேல ஒரு மரத்துல கோடாலி பட்டாலும் நானே எதிரா எழுதுவேன்."

"அந்தக் கரிக்கு வாரம் ரெண்டு நடைதான் சார் வரும்!"

பதில் சொல்ல வாயெடுத்தவரின் தோளில் சொத்தென்று ஏதோ விழுந்தது. வெள்ளைக் குறி.

"பாத்து நில்லுங்க சார்," என்றாள் கலியம்மாள், "இப்ப உங்களையும் வெட்டலாம்!"

கோடாலிக்காரர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். கடைசியில் சாமிதுரைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி சார், ரெண்டு நடைன்னே எழுதுங்க."

காலி மரங்களுக்கு இம்முறை எந்தப் பறவையாலும் போட முடியாத கறுப்புத் தாரால் கோடு போட்டுவிட்டு, பிலவேந்திரன் கோப்பைத் தானே பெரம்பலூருக்கு எடுத்துப்போனார். தாசில்தார் சிங்காரவேலு சிரித்துக்கொண்டே படித்து, 'வெள்ளை'யை அடித்துக் 'கறுப்பு' என்று திருத்தி, 'பறவைகள் இடும் குறி செல்லாது' என்று தன் கையால் ஒரு வரி சேர்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒரு நடை சந்தை நாளுக்கு, சரி. இன்னொண்ணு சனிக்கிழமை சாயங்காலம்னு போட்டிருக்கீங்களே, யாருக்கு?"

"பொதுமக்கள் வசதிக்குத்தான் சார்."

"அந்தப் பொதுமக்களுக்கு என்ன வயசு?"

பிலவேந்திரன் தரையைப் பார்த்தார். "போன மாசம்தான் சார் ஒண்ணு முடிஞ்சுது."

தாசில்தார் பேனாவை மையில் தோய்த்தார்.